சராசரி என்று எழுதிய கை

மாமா மஞ்சப்பையை என் மடியில் வைத்துவிட்டு "படி" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. சந்தவாசலில் படவேட்டுக்குத் திரும்புகிற இடத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆடி மாசம். ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற வேன்கள் வேப்பிலை கட்டிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஜவ்வாது மலை பாதி மேகத்தில் இருந்தது. பைக்குள் பதினோரு வருஷத்து சி.ஆர். இருந்தது.

மாணவத் தோழர்களுக்கு இந்தச் சொல் பழகியிருக்காது. சி.ஆர். என்றால் இரகசிய அறிக்கை. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவரைப் பற்றி அவருடைய மேலதிகாரி வருஷத்துக்கு ஒருமுறை எழுதி, உறையிலிட்டு மேலே அனுப்புகிற காகிதம். வேலை எப்படி, நேரத்துக்கு வருகிறாரா, சொன்னதைச் செய்கிறாரா, நாணயமானவரா, மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார். கடைசியில் ஒரே சொல்லில் தரம். அந்தச் சொல்லை வைத்துத்தான் பதவி உயர்வு. அந்தச் சொல்லை வைத்துத்தான் ஐம்பது வயசுக்கு மேல் கட்டாய ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும். எழுதப்பட்டவர் மட்டும் அதைப் பார்த்ததில்லை. முப்பது வருஷம் உழைத்துவிட்டு, தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே சுடுகாட்டுக்குப் போனவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர்.

மாமாதான் எங்கள் காலனியில் முதல் அரசாங்க உத்தியோகஸ்தர். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து உதவியாளர் ஆனார். அதோடு நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கண்காணிப்பாளராகி அவருக்கே லீவு சாங்ஷன் பண்ணினார்கள். "நமக்கு ராசி இல்ல மாப்ள" என்று சொல்லிக்கொண்டே 2014-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மறுமாசம் யாரோ சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் வாங்கினார். வாங்கியவர் அதைப் படிக்கவே இல்லை. பீரோவில் துணிக்கு அடியில் இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது. ஏன் மாமா என்றால், "கண்ணாடி சரியில்ல" என்கிறார்.

படித்தேன். ஆறு வருஷம் 'சராசரி'. மூன்று வருஷம் 'திருப்திகரம்'. இரண்டு வருஷம் 'நன்று'. ஒரு வருஷத்தில், கொடுத்த வேலையைச் செய்வார், தானாக முன்வரும் இயல்பு இல்லை என்று ஒரு வரி. இன்னொரு வருஷத்தில், பழகும் விதத்தில் முன்னேற்றம் தேவை. 'நன்று' போட்ட இரண்டு வருஷமும் ஒரே கையெழுத்து. அவர் மாற்றலாகிப் போன மறுவருஷமே திரும்பவும் 'சராசரி'.

"பழகுற விதம்னா இன்னா மாப்ள?" என்று கேட்டார். "நான் யாராண்டயும் சண்டைக்குப் போனதே கிடையாதே."

"மத்தியானம் டிபன் பாக்ஸ எடுத்துகினு தனியா உக்காந்து சாப்ட்டீங்களா மாமா?"

"நான் எங்க தனியா உக்காந்தேன்? அவங்க எழுந்து போனாங்க."

டீ ஆறிப்போய்விட்டது. எழுந்து போனவர்கள் பழகத் தெரிந்தவர்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தவருக்குப் பழகும் விதத்தில் முன்னேற்றம் தேவை. இதை எழுதிய அதிகாரி பொய் எழுதியதாகக்கூட நினைத்திருக்க மாட்டார். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

நான் கவிதை எழுதுகிறவன். பாங்கில் கிளார்க். அடைமொழிகளோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒரு சொல்லை எங்கே வைத்தால் அது கொல்லும் என்று யோசித்து யோசித்தே பாதி ராத்திரி போகிறது. ஆனால் இந்த மேலதிகாரிகளிடம் நான் தோற்றுவிட்டேன். 'சராசரி' என்ற சொல்லைப் பாருங்கள். ஒருத்தரை 'மோசம்' என்று எழுதினால் காரணம் சொல்ல வேண்டும், அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் பதில் கொடுப்பார், பைல் நடக்கும். 'சராசரி' என்று எழுதினால் ஒன்றுமே நடக்காது. திட்டவில்லை. சாதிப் பேர் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்த அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆனால் ஆறு வருஷம் தொடர்ந்து எழுதினால் ஒரு மனிதன் நாற்காலியோடு ஆணியடிக்கப்படுகிறான்.

இதில் சட்டம் என்ன செய்தது? செய்திருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. மெதுவாகச் செய்தது. பாதகமான குறிப்பை உரியவரிடம் சொல்லாமல் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1979-லேயே பஞ்சாப் மாநில அதிகாரி குர்தியால் சிங் ஃபிஜ்ஜி வழக்கில் சொன்னது. அப்புறம் 1992-ல் ஒரிசாவிலிருந்து வந்த பைகுந்தநாத் தாஸ் வழக்கில், கட்டாய ஓய்வு கொடுப்பது தண்டனை ஆகாது, ஆகவே தெரிவிக்கப்படாத பாதகக் குறிப்புகளையும் அதற்குக் கணக்கில் எடுக்கலாம் என்றது. வீட்டுக்கு அனுப்புவது தண்டனை இல்லையாம். சம்பளத்தை நம்பி பெண்ணுக்குக் கல்யாணம் பேசி வைத்திருக்கிறவனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 1996-ல் உத்தரப் பிரதேச ஜல் நிகாம் வழக்கில் ஒரு அடி முன்னே வந்தது. ஒருவரை மேல் தரத்திலிருந்து கீழ்த் தரத்துக்கு இறக்கினால் காரணம் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது.

தேவ் தத் வழக்குதான் முக்கியம். ஒவ்வொரு சங்கத்துக்காரரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது. தேவ் தத் எல்லைச் சாலைகள் அமைப்பில் செயற்பொறியாளர். கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்குப் போக, ஐந்து வருஷ அறிக்கையும் 'மிக நன்று' என்று இருக்க வேண்டும். அவருக்கு நான்கு வருஷம் இருந்தது. 1993-94-க்கு மட்டும் 'நன்று'. அவ்வளவுதான், இளையவர்கள் மேலே போனார்கள், அவர் கீழே நின்றார். 'நன்று' பாதகமான குறிப்பு இல்லையே, அதனால் தெரிவிக்கவில்லை என்றது அரசாங்கம். 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எச்.கே. சேமா, மார்க்கண்டேய கட்ஜு. பேரில் என்ன இருக்கிறது, 'மிக நன்று' கேட்கிற இடத்தில் 'நன்று' என்பதே பாதகம்தான் என்றார்கள். மோசமோ சராசரியோ நன்றோ மிக நன்றோ, எந்தக் குறிப்பாக இருந்தாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது தன்னிச்சையானது, அரசியலமைப்பின் 14-வது பிரிவுக்கு எதிரானது. ராணுவத்தை மட்டும் விட்டுவிட்டு, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்றார்கள். எங்கள் பாங்குகளும் அதில் வந்துவிட்டன. தீர்ப்பு வந்தபோது தேவ் தத் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு 'நன்று'வுக்காகப் பதினான்கு வருஷம்.

2009 மே மாதம் மத்திய அரசின் பணியாளர் துறை உத்தரவு போட்டது. பேரே மாறியது. இரகசியம் போய், ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை ஆனது. முழு அறிக்கையையும் கொடுக்க வேண்டும், பதினைந்து நாளுக்குள் முறையீடு செய்யலாம். சொல்லுக்குப் பதில் எண்ணும் வந்தது. 8 முதல் 10 வரை மிகச் சிறப்பு, 6-க்கு மேல் மிக நன்று, 4-க்கு மேல் நன்று, 4-க்குக் கீழே போனால் பூஜ்யம். 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, தேவ் தத் தீர்ப்பு சரிதான் என்று உறுதி பண்ணினார்கள்.

மாமாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ அந்த ஆள் என்னைக் கூப்ட்டு மூஞ்சிக்கு நேரா காமிச்சிருந்தா?" என்றார்.

"முறையீடு பண்ணிருக்கலாம் மாமா."

"யாராண்ட?"

"அவருக்கு மேல கீற அதிகாரியாண்ட."

மாமா சிரித்தார். அவருடைய சிரிப்புக்கு நான் தீர்ப்பு எதையும் எடுத்துக் காட்ட முடியவில்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. சட்டம் நமக்குத் திறந்துவிட்ட ஜன்னல் ஒரே ஒரு ஜன்னல். என் அறிக்கையை நான் பார்க்கலாம். பக்கத்து நாற்காலிக்காரருடைய அறிக்கையை நான் பார்க்க முடியாது. ஒரு ஊழியரின் பணித்திறன் அவருக்கும் முதலாளிக்கும் இடையிலான தனி விஷயம் என்று 2012-ல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றவர் சி.ஆர். கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று திருப்பி அனுப்புவார்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவையும் திருத்தி இன்னும் இறுக்கியிருக்கிறது. தனிமனித அந்தரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மெடிக்கல் லீவு காரணத்தை ஊர் படிக்க வேண்டியதில்லை. ஆனால் சாதி ஒரு ஆளிடம் தெரிகிற விஷயமா? என்னுடைய 'சராசரி'யைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது என்னுடைய சராசரி. என் ஆபீசில் பத்து வருஷத்தில் 'சராசரி' வாங்கியவர்கள் எந்தத் தெருக்காரர்கள், 'மிக நன்று' வாங்கியவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று ஒரு தாளில் அடுக்கிப் பார்த்தால்தான் அது சாதி. பாகுபாடு என்பது ஒப்பிட்டால் மட்டும் தெரிகிற வியாதி. ஒப்பிடுவதைத் தடுத்துவிட்டு, பாகுபாட்டுக்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனாலும் இதே கதை. தரத்தை நீதிபதி மாற்றிப் போடமாட்டார். முறைப்படி செய்தார்களா என்று மட்டும் பார்ப்பார், இல்லையென்றால் திருப்பித் துறைக்கே அனுப்புவார். உள்நோக்கம் என்று சொன்னால், எந்த அதிகாரி, என்ன உள்நோக்கம், அவரைப் பேர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்த்தாயா, விவரம் எங்கே என்று கேட்பார்கள். மாமாவுக்கு எதிராக ஒரு தனி ஆள் உள்நோக்கத்தோடு இருந்தார் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஐந்து அதிகாரிகள் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். ஒரு டைனிங் ஹாலே எழுதியிருக்கிறது என்று மனுவில் எப்படி எழுதுவது?

வேறு ஏற்பாடுகள் இல்லையா என்றால், இருக்கின்றன. பதவி உயர்வுக் குழுவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. நம்ம ஆள் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் உட்காருவார். ஆனால் அவர் முன்னால் வருகிற காகிதங்கள் ஐந்து வருஷத்துக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டவை. சமையல் முடிந்து இலை போட்ட பிறகு உப்புப் பார்க்க ஒருவரைக் கூப்பிடுவது மாதிரி. ரோஸ்டரைச் சரிபார்க்கத் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை இடம் காலி என்று எண்ணுவார். யாருக்கு என்ன தரம் என்று எண்ணுவது அவர் வேலையில் இல்லை.

இன்னொரு வேடிக்கை. மத்திய அரசின் மதிப்பீட்டுப் படிவத்தில் கடைசியில் ஒரு பத்தி உண்டு. ஊழியரின் பலம், குறை, சாதனை எல்லாவற்றையும் சுமார் நூறு சொல்லில் எழுதச் சொல்லி, அதில் நலிந்த பிரிவினரிடம் அவருடைய மனப்பான்மை எப்படி என்பதையும் எழுதச் சொல்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் கேட்கப்படுவது கீழே இருக்கிறவரைப் பற்றி மேலே இருக்கிறவரிடம். மேலே இருக்கிறவருடைய மனப்பான்மையைப் பற்றிக் கீழே இருக்கிற நலிந்த பிரிவுக்காரரிடம் யாராவது ஒரு வரி கேட்டதுண்டா?

இது ஏதோ ஆபீஸ் பாலிடிக்ஸ், நம் இயக்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்கிற தோழர்கள் இருப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. பதவி உயர்வில் இடஒதுக்கீடு என்று பேச்செடுத்தாலே எதிரே நிற்கிறவர்கள் எடுக்கிற ஆயுதம் 'நிர்வாகத் திறமை'. அரசியலமைப்பின் 335-வது பிரிவில் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. மண்டல் வழக்கில் 1992-ல் பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்றது நீதிமன்றம். 1995-ல் 77-வது திருத்தம் 16(4ஏ) பிரிவைக் கொண்டுவந்தது. 1996-ல் வினோத்குமார் வழக்கில், பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணையும் மதிப்பீட்டுத் தரத்தையும் தளர்த்தக் கூடாது என்று சொல்ல, 1997-ல் மத்திய அரசு தளர்வுகளைத் திரும்பப் பெற்றது. நாடு முழுக்க தலித் ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2000-ல் 82-வது திருத்தம் வந்து 335-ல் ஒரு விதிவிலக்கைச் சேர்த்த பிறகுதான் தளர்வு திரும்பக் கிடைத்தது. 2006-ல் நாகராஜ் வழக்கு திரும்பவும் திறமையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியது.

சரி, திறமையை எதை வைத்து அளக்கிறார்கள்? சி.ஆரை வைத்து. சி.ஆரை யார் எழுதுகிறார்கள்? ஏற்கெனவே மேலே இருக்கிறவர்கள். மேலே நாம் ஏன் இல்லை? சி.ஆர். சரியில்லை. இந்த வட்டத்துக்குள் மாமா முப்பது வருஷம் சுற்றியிருக்கிறார், செக்குமாடு மாதிரி. சட்டத் திருத்தத்தில் 'மதிப்பீட்டுத் தரத்தைத் தளர்த்தலாம்' என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல். அந்தத் தளர்வுக்காகப் போராடியது சரி, நானும் கொடி பிடிப்பேன். ஆனால் தராசே கோணல் என்று சொல்ல வேண்டிய இடத்தில், எடையில் கொஞ்சம் தள்ளுபடி கொடுங்கள் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. வேறு வழியில் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வெய்ஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான கணக்குகளை எடுத்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி ஊழியர் விகிதம் கூடியதால் உற்பத்தித்திறன் குறைந்ததற்கு ஆதாரமே இல்லை. மேல்மட்டப் பதவிகளில் நம்மவர்கள் கூடிய இடங்களில் அது உயர்ந்திருப்பதற்கான தடயமும் இருந்தது. ரயில் எத்தனை டன் இழுத்தது என்று பார்த்தால் ஒரு பதில். அதிகாரியின் பேனாவைப் பார்த்தால் வேறு பதில்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமாவை முன்னால் தள்ளிவிட்டு நான் ஒளிந்துகொண்ட மாதிரி ஆகும். எந்த பாங்கு, எந்தக் கிளை என்பது வேண்டாம். கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆக எழுத்துத் தேர்வு எழுதினேன், நல்ல மார்க். அப்புறம் நேர்முகம். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "கவிதையெல்லாம் எழுதுவீங்களாமே?" பாங்கில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அப்போதே புரிந்துவிட்டது, மேனேஜர் அனுப்பிய படிவத்தில் ஏதோ இருக்கிறது. ரிசல்ட்டில் என் பேர் இல்லை. மனுப் போட்டு படிவத்தின் நகலை வாங்கினேன். இலக்கிய ஈடுபாடுகளால் கவனம் சிதறுகிறது, பழகுவதில் ஒதுங்கிய தன்மை. பத்துக்கு நாலு. அதே கிளையில் ஒருவர் திருமண மண்டபங்களில் பாட்டுக் கச்சேரி செய்கிறார். கிளை ஆண்டு விழாவில் அவருக்குத்தான் சால்வை போட்டார்கள். அவர் படிவத்தில் கவனம் சிதறியதா என்று எனக்குத் தெரிய வழி இல்லை. அவரும் நல்ல மனுஷன்தான், கேட்டிருந்தால் காட்டியிருப்பாரோ என்னவோ. கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

என் பக்கமும் ஓட்டை இருக்கிறது. ஒருநாள் கேஷில் ஐந்நூறு குறைந்தது, கையிலிருந்து கட்டினேன். இரண்டு முறை லேட். இதையெல்லாம் எழுதி நாலு போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது ஒன்றும் அதில் இல்லை.

அமெரிக்காவில் கறுப்பர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டினார்கள் என்று பார்த்தேன். அட்லாண்டாவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலையில், கூலித் தொழிலாளி மாதச் சம்பள வேலைக்குப் போக ஃபோர்மேனின் பரிந்துரை வேண்டும். ஃபோர்மேன்களோ ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். ரோவ் என்ற கறுப்புத் தொழிலாளி போட்ட வழக்கில் 1972-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எந்த ஃபோர்மேனுக்கு எந்த உள்நோக்கம் என்று குடைந்துகொண்டிருக்கவில்லை. பரிந்துரைக்கு எழுத்துப்பூர்வமான அளவுகோல் இல்லை, இருக்கிற அளவுகோலும் ஆளுக்கேற்ப வளைகிறது, தவறாகப் பயன்படுத்தினால் தடுக்க ஏற்பாடு இல்லை, இப்படிப்பட்ட முறையே கறுப்பர்களுக்கு எதிரான பாகுபாட்டுக்குத் தயாராக வைத்த கருவி என்று சொன்னது. அங்கே அவர்கள் கையில் எண்ணிக்கை இருந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பெரிய நிறுவனங்கள் எந்தப் பதவியில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று வருஷாவருஷம் அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, அங்கே கறுப்பன் கழுத்தில் முழங்கால் வைக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் தனி ஆளின் மனசை விட்டுவிட்டு முறையைக் கூண்டில் ஏற்றினார்கள்.

நம் கோரிக்கை அதுதான். ஒவ்வொரு அலுவலகமும், ஒவ்வொரு பொதுத்துறை பாங்கும் வருஷா வருஷம் ஒரு தாள் வெளியிடட்டும். பேர் வேண்டாம். எந்தத் தரம் எந்த வகுப்பினருக்கு எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை. ஒரு அதிகாரி ஐந்து வருஷத்தில் எழுதிய அறிக்கைகளை அடுக்கிப் பார்த்து அவருக்கே ஒரு சி.ஆர். எழுதட்டும். முறையீட்டைக் கேட்கிற இடத்தில் துறைக்கு வெளியே இருந்து, நம் வகுப்பிலிருந்தும் ஒருவர் உட்காரட்டும். தரத்துக்குப் பக்கத்தில் ஒரு சம்பவமாவது, தேதியோடு எழுத வேண்டும் என்று விதி வரட்டும். 'பழகும் விதம்' என்று எழுதுகிறவர் எந்தத் தேதியில் யாரோடு எப்படிப் பழகவில்லை என்று எழுத உட்கார்ந்தால், டைனிங் ஹால் தானாக வெளியே வரும்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்திரிகைக்கு நேர்மை இருக்காது. மேலே போன நம்மவர் சிலர் பேனா எடுத்தால் மற்றவர்களைவிடக் கடுமையாக எழுதுகிறார்கள். கேட்டால், நம்மாளுக்கு நல்ல மார்க் போட்டால் சாதி பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள் என்கிறார்கள். துப்புரவுப் பணியில் இருக்கிற அருந்ததியப் பெண்ணுக்கு 'வேலையில் கவனம் இல்லை' என்று எழுதிய கை ஒன்று நம் பறைத்தெருக் கைதான். அந்தத் தோழருக்கு அம்பேத்கர் படம் இல்லாத அறையில் தூக்கம் வராது. அவரிடம் இதைக் கேட்டேன். நிர்வாகம் வேற, இயக்கம் வேற என்றார். பேச்சு அதோடு நின்றுவிட்டது, அதற்கப்புறம் அவர் என் போனை எடுப்பதில்லை.

அந்தப் பெண்ணுக்காவது திருத்தச் சொல்ல ஒரு காகிதம் இருந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால், தனியாருக்குக் கொடுக்காதே என்று உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை ராத்திரியோடு ராத்திரியாக அப்புறப்படுத்தினார்களே, அவர்களுக்கு சி.ஆர். கிடையாது. காண்டிராக்டர் நாளைக்கு வராதே என்றால் முடிந்தது. காகிதத்தை நமக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் வருகிற காலத்தில், காகிதமே இல்லாத வேலைக்கு நம் பிள்ளைகளைத் தள்ளுகிறார்கள். அதைத் தனியாக ஒரு கட்டுரையில்தான் எழுத வேண்டும்.

மஞ்சப்பைக்கு வருகிறேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தோன்றியது இது. மற்றவர் அறிக்கையைக் கேட்டால் சட்டம் தராது. ஆனால் என்னுடையதை நான் வாங்கி, மாமாவுடையதை மாமா வாங்கி, இரண்டையும் ஒரே பாயில் விரித்தால் எந்தச் சட்டமும் தடுக்காது. போன மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டைமாடியில் அதைத்தான் செய்தோம். கண்ணமங்கலத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். போளூரிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். மலையிலிருந்து, ஜமுனாமரத்தூர் பக்கத்து மலையாளிப் பழங்குடித் தம்பி ஒருவன், வனத்துறையில் இருப்பவன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரத்தோடே வந்தான். வெவ்வேறு துறை, வெவ்வேறு அதிகாரி, வெவ்வேறு வருஷம். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு தாள் மேலும் ஒரு கல் வைத்தோம்.

டீச்சரம்மா சத்தமாகப் படித்தார். 'தானாக முன்வரும் இயல்பு இல்லை' என்ற வரி மூன்று பேருக்கு இருந்தது. 'பழகும் விதம்' நாலு பேருக்கு. வனத்துறைத் தம்பிக்கு 'அமைதியானவர், தலைமைப் பண்பு குறைவு'. அவன் ஊரில் பஞ்சாயத்து பேசுகிறவனே அவன்தான்.

யாரும் பேசவில்லை. தபால்காரர் மட்டும் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தினி நாளு எனக்கு மட்டும்தான் இப்டினு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

உத்தியோகத்தில் இருக்கிற தோழர்களே, ஓய்வு பெற்றவர்களே, உங்கள் அறிக்கையின் நகலை வாங்குங்கள். பத்து ரூபாய்தான் மனுக் கட்டணம். உங்கள் பேர், அதிகாரி பேர், ஆபீஸ் பேர் மூன்றையும் மையால் அடித்துவிட்டு, வருஷத்தையும் தரத்தையும் அந்த ஒரு வரியையும் மட்டும் விட்டுவைத்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். மாணவத் தோழர்கள் உங்கள் அப்பா, சித்தி, மாமா யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுங்கள்.

மாமா இப்போது கண்ணாடி மாற்றிவிட்டார். அவருடைய பழைய அலுவலகத்துக்கு, பத்து வருஷத்துத் தரங்களைப் பேரில்லாமல் வகுப்புவாரியாகக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி அவரே ஒரு மனுப் போட்டார். அப்படித் தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். இருபத்திரண்டு போய்விட்டது. நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட வருகிறார்.